நாளை மதியத்துக்குள் சொல்லவும்

சித்தி மகன் இரவு பதினொரு மணிக்கு போன் பண்ணினால் இரண்டு காரணம்தான் இருக்கும். வண்டி எங்காவது நின்றிருக்கும், இல்லை கையில் காசு தீர்ந்திருக்கும். அன்று மூன்றாவதாக ஒன்று வந்தது.

"அண்ணே, வாட்ஸப்புல ஒண்ணு அனுப்பிருக்கேன். ஃபிராடா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணுமாம்."

பார்த்தேன். பாங்காக்கில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ் வேலை. மாதம் நம்ம காசில் எழுபதாயிரம். தங்குமிடம், சாப்பாடு இலவசம். விமான டிக்கெட்டைக் கம்பெனியே போட்டுவிடும். இன்டர்வியூ என்று வீடியோ காலில் பத்து நிமிடம் பேசியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை டைப் பண்ணச் சொல்லி வேகம் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான், செலக்டட். ஐந்து இடத்தில் நான்கு நிரம்பிவிட்டது. நாளை பன்னிரண்டு மணிக்குள் பாஸ்போர்ட் நகல் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கிளம்ப வேண்டியது வருகிற வெள்ளிக்கிழமை.

அவன் பி.சி.ஏ. முடித்து மூன்று வருடம் ஆகிறது. திருச்சியில் ஒரு செல்போன் கடையில் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு நிற்கிறான். "காசு எதுவும் கேக்கலண்ணே. காசு கேட்டாத்தானே ஃபிராடு?" என்றான். அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. கொஞ்ச நாளாகவே நான் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்த வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை எழுதலாம் என்ற எண்ணம், வேறொன்றுமில்லை. அந்தக் குறிப்பு நோட்டை எடுத்து ஒரு பக்கமும், அவன் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டுகளை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் கேட்ட கேள்விக்கு நம் ஊரில் நூற்றைம்பது, இருநூறு வருடமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். சட்டம் போட்டுத் தேடியிருக்கிறார்கள். அந்தச் சட்டங்கள் எங்கே பலித்தன, எங்கே ஏமாந்தன என்று பார்த்தால் இவன் கேள்விக்கும் ஏதாவது கிடைக்கும் என்று தோன்றியது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அந்த வருடமே மொரீஷியஸுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். யாரை எப்படிச் சொல்லி ஏற்றுகிறார்கள் என்பது சந்தேகத்துக்கு இடமாகவே இருந்தது. 1837இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் கல்கத்தாவுக்கு, பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும். போகிற ஆளும் அவனை அனுப்புகிற ஏஜென்டும் அரசு நியமித்த அதிகாரி முன்னால் நேரில் வந்து நிற்க வேண்டும். ஒப்பந்த விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலைக்காலம் ஐந்து வருடம். முடிந்ததும் ஏறிய துறைமுகத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும்.

படிக்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்ய முயன்றது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் பிடிக்கிறவனுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கதவு வைத்தது. அந்தக் கதவருகே மூன்றாவது மனிதன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் இந்த வியாபாரத்தில் பங்கில்லாதவன். "எங்கே போறே, எத்தனை வருஷம், என்ன கூலி?" என்று கேட்பான். கேட்கிற அந்தச் சில நிமிடம்தான் பாதுகாப்பு.

ஆள் பிடிக்கிறவனுக்கு இது பிடிக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். கூட்டிவந்த ஆளுக்குக் கப்பல் ஏறும்வரை சோறு போட வேண்டும். வீட்டு ஞாபகம் வந்து அவன் திரும்பிப் போய்விட்டால் செலவழித்ததும் போச்சு, கமிஷனும் போச்சு. அதனால் ஒவ்வொரு நாள் தாமதமும் அவனுக்கு நஷ்டம். அவசரம் அவனுடைய குணம் என்பதைவிட அவனுடைய கணக்கு என்று சொல்வதே சரி. அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஒப்பந்தக் கூலி முறை இருந்தவரை ஓயவில்லை. 1839இல் ஒருமுறை இந்தப் போக்குவரத்தையே தடை செய்தார்கள். 1842இல் மொரீஷியஸுக்கு மறுபடி திறந்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை அங்கே தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1917இல்தான் நின்றது.

இதில் இலங்கைக் கதை தனி. அதுதான் அன்றிரவு என்னை நிறுத்தியது.

காப்பித் தோட்டங்களுக்காக இலங்கைக்குப் போனவர்கள் அதிகாரி முன்னால் போய் நிற்கவில்லை. 1847லேயே இலங்கைக்கு இந்தக் குடிபெயர்வுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில்தானே இருக்கிறது, போகிறவன் நினைத்தால் திரும்பி வந்துவிடலாமே என்பது அவர்கள் நியாயம். கதவு கிடையாது. கதவு இல்லாத அந்த வழியில் வந்தவர்தான் கங்காணி.

கங்காணி யாரோ அல்ல. ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். தோட்டத்தில் வேலை பார்த்து, நல்ல துணி உடுத்தி, ஊர்த் திருவிழாவுக்கு வந்து நிற்பவர். அவரே ஒரு விளம்பரம். அவர் யாரிடமும் காசு கேட்கவில்லை. கொடுத்தார். வீட்டுக் கடனை அடைக்க முன்பணம், வழிச் சாப்பாட்டுக்கு, துணிமணிக்கு என்று கொடுத்தார். ராமேசுவரம் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை, கண்டி என்று நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல்நாள் வேலை தொடங்கும் முன்பே கங்காணியின் கணக்கில் ஒரு தொகை நின்றது. கணக்கை எழுதியவர் அவர். ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் 1865ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம், சிறை.

இந்த ஏற்பாட்டில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. நம்ம தமிழ் வார்த்தை அப்படியே ஆங்கில ஆவணங்களில் ஏறியிருக்கிறது. துரை எழுதித் தரும் ஒரு சீட்டு. இந்த ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவருக்கு இவர்களை விட்டுத் தரத் தயார் என்பது அதன் சாரம். அந்தச் சீட்டோடு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார். புதுத் துரை பணத்தைக் கட்டுவார். கடன் புதுத் தோட்டத்துக் கணக்குக்கு மாறும், கடனோடு ஆளும் மாறுவான். 1921இல்தான் இதை ஒழித்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் குத்திய சின்னத் தகர வில்லை. அதை வைத்திருந்தால் கையில் காலணா இல்லாமல் தோட்டம்வரை போய்ச் சேரலாம். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், அங்கிருந்து பெரும்பாலும் ஆளின் கடனில் போய்ச் சேரும். 1904இல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் தங்களுக்கு ஆள் சேர்க்கும் லேபர் கமிஷனைத் திருச்சியில் நிறுவினார்கள். எங்கள் பையன் செல்போன் விற்கிற அதே திருச்சி.

"காசு கேக்கலண்ணே" என்று அவன் சொன்னதற்குப் பதில் இங்கே கிடைத்தது. வேலைக்குக் காசு கேட்கிறவன் சின்னத் திருடன். அவனால் போவது கேட்ட தொகை மட்டும்தான். காசு கேட்காமல் டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிறவனைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் பேரில் ஒருவன் முன்கூட்டிச் செலவு செய்கிறான் என்றால், அந்தச் செலவை எங்கே, எப்படி வசூலிப்பான் என்று கேட்க வேண்டும். நல்ல கம்பெனியும் டிக்கெட் போடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டால் அதற்குக் கணக்குச் சொல்லும்.

கங்காணிகள் எல்லாரையும் ஒரே கோலால் அளக்கவும் முடியாது. போனவர்கள் எல்லாரும் ஏமாந்து போனவர்களும் இல்லை. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கில் செத்தது. அப்போது கங்காணி வந்து "நாளைக்குக் கிளம்பணும்" என்று சொன்னால், ஊரில் இருந்தவனுக்கு அவரைவிட அவசரம். அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பியிருப்பான். ஆள் பிடிக்கிறவனின் அவசரம் தனியாக வேலை செய்வதில்லை, பிடிபடுகிறவனின் அவசரத்தோடு சேரும்போதுதான் வேலை செய்கிறது. பி.சி.ஏ. படித்துவிட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கு நிற்கிறவனுக்கும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை.

1922இல் புதிய இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இந்த முறை இலங்கையும் மலாயாவும் உள்ளே. கங்காணிக்கு லைசென்ஸ் வேண்டும். மலாயாவுக்குக் கூட்டிப்போகிறவர் ஊர் முன்சீப்பிடம் ஆட்களைக் காட்டி, ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். மறுபடியும் ஒரு கதவு, இந்த முறை ஊரிலேயே. முன்சீப்புக்கு ஆளைத் தெரியும், அவன் அப்பனைத் தெரியும், வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தானா என்றும் தெரியும். லஞ்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட முன்சீப்புகள் இருந்திருக்க மாட்டார்களா என்றால் இருந்திருப்பார்கள். ஆனாலும் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ சேதி போய்ச் சேர ஒரு வாய்ப்பு இருந்தது. 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் தோட்ட வேலைக்கு ஆட்கள் போவதையே இந்திய அரசு தடை செய்தது.

இன்று நடப்பில் இருப்பது 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கும் சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டக் கூடாது. பதிவு செய்த ஏஜென்டுகளின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகங்களில் வைத்த குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவி அதே பெயரில் இன்றும் சென்னையில் ஓர் அலுவலகமாக இருக்கிறது.

இந்தச் சட்டத்திலும் ஒரு கதவு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று போட்டிருக்கும். அவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகள், மலேசியா, இன்னும் சில. அந்தப் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. படித்தவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை. படிக்கத் தெரிந்தவன் ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்வான் என்பது சட்டத்தின் நம்பிக்கை.

1847 ஞாபகம் வந்தது. அன்றைக்கு இலங்கைக்கு விலக்கு, பக்கத்தில் இருக்கிறது என்பதால். இன்றைக்குப் படித்தவனுக்கு விலக்கு, படித்திருக்கிறான் என்பதால். ஆள் பிடிக்கிறவன் எப்போதும் 'விலக்கு' என்று போர்டு மாட்டிய வழியில்தான் வருகிறான்.

இது என் கற்பனை இல்லை. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ் வேலை என்று சொல்லி, ஐ.டி. தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்துக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்து வைக்கிறார்கள் என்றது. பாங்காக்கில் இறங்கினால் சாலை வழியே ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டரில் மே சாட் என்ற எல்லை ஊர். நடுவில் மோயி ஆறு. அக்கரையில் மியாவடி. சுவர் எழுப்பிய வளாகங்கள் அங்கே இருக்கின்றன, கே.கே. பார்க் என்பது அவற்றில் பெயர்போன ஒன்று. உள்ளே உட்காரவைத்து, பொய்ப் பெயர்களில் உலகம் முழுக்க ஆட்களிடம் நட்பாகவும் காதலாகவும் பேசி, போலி கிரிப்டோ முதலீட்டில் பணம் போட வைக்கச் சொல்வார்கள். மறுத்தால் அடி. வெளியே போக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள், உன்னைக் கொண்டுவர நாங்கள் செலவு செய்திருக்கிறோம் என்று கணக்குக் காட்டுவார்கள். ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளை விற்பதும் நடக்கிறது. துண்டு ஒழிந்து நூறு வருடம் ஆகிறது. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்ற அந்த வாசகம் மட்டும் ஒழியவில்லை.

அந்த வருடம் அக்டோபரில் மியாவடியிலிருந்து மீட்ட 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி அடைபட்டிருக்கலாம் என்றது. 2025 மார்ச்சில் மட்டும் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை மே சாட்டிலிருந்து திருப்பி அழைத்து வந்தார்கள்.

டைப்பிங் வேகம் எதற்குப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலை ஏழு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். வரலாறெல்லாம் சொல்லவில்லை. நான்கு கேள்வி கேட்டேன்.

"ஏஜென்ட் ரிஜிஸ்டர் பண்ணின நம்பர் குடுத்தாங்களா?"

"அது ஏஜென்ட் இல்லண்ணே, கம்பெனி ஹெச்.ஆர்.னு சொன்னாங்க."

"என்ன விசா?"

"விசா ஆன் அரைவல். போனப்புறம் வொர்க் பர்மிட்டா மாத்திக்கலாமாம்."

விசா ஆன் அரைவலில் போய் வேலை பார்க்கத் தாய்லாந்து அனுமதிப்பதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கையிலும் இது இருக்கிறது.

"அக்ரிமென்ட்?"

"அங்க போய் சைன் பண்ணணும்."

"ஆபீஸ் எந்தத் தெரு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாங்காக்னுதான் சொன்னாங்க" என்றான்.

1837இல் கேட்டது, 1922இல் கேட்டது, 1983இல் கேட்டது, எல்லாம் சேர்த்தால் இந்த நான்குதான். ஆள் எடுக்கிறவன் யார், அவனை யார் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். போகிற வழி சட்டப்படியான வழியா. ஒப்பந்தம் கிளம்பும் முன் கைக்கு வந்ததா. போகிற இடம் எது. நான்குக்கும் பதில் இல்லாததைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் அப்படித்தாண்ணே போறாங்க" என்றான். அப்புறம், கொஞ்சம் சூடாகவே, "நீங்க சம்பளத்துல இருக்கீங்க, உங்களுக்குச் சொல்றது ஈஸி" என்றான். அதில் உண்மை இருந்தது. நான் மறுக்கவில்லை.

ஒரே ஒரு காரியம் பண்ணு என்றேன். வேண்டாம் என்று சொல்லாதே. ஒரு வாரம் அவகாசம் கேள். அக்ரிமென்ட்டை மெயிலில் அனுப்பச் சொல், அதை எடுத்துக்கொண்டு பாதுகாவலர் அலுவலகத்தில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல். அவ்வளவுதான்.

நம் காலத்தில் கதவை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்சீப் இல்லை, பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. வியாபாரத்தில் பங்கில்லாத ஒரு மூன்றாவது ஆளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. நேர்மையான ஹெச்.ஆர்.களும் அவசரப்படுத்துவார்கள், அவர்களுக்கும் டார்கெட் இருக்கிறது. அவசரம் மட்டுமே குற்றமில்லை. அந்த அவசரம் யாரிடம் காட்டவிடாமல் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மதியம் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். அவன் எழுதியதற்கு முதலில் ஒரு சிரிக்கும் பொம்மை. பிறகு, "இவ்வளவு யோசித்தால் வாழ்க்கையில் முன்னேற முடியாது தம்பி." பிறகு, இரண்டு மணிவரை நேரம் நீட்டித்திருப்பதாக ஒன்று. அவன் பாதுகாவலர் அலுவலகம் என்று மறுபடி எழுதியதும் பதில் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் அந்த எண்ணில் இருந்த புகைப்படம் காணாமல் போயிருந்தது.

அது மோசடிதான் என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. போகாத ஊருக்கு நிரூபணம் கிடையாது. அவன் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறான், சம்பளம் ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது. போன மாதம் ஊர்க் கோயிலில் பார்த்தபோது, சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, ஒருவேளை அது நல்ல வேலையா இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்டா" என்றேன். வேறு என்ன சொல்ல. சித்தி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை அவன் கிளம்பியிருந்தால், பாங்காக்கில் இறங்கி போன் பண்ணிய பிறகுதான் தெரிந்திருக்கும்.